கப்பல் காத்திருக்காது!

சொகுசுக் கப்பலில் போகிறவர்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். கப்பல் ஒரு ஊரில் நின்றதும், கப்பல்காரர்களே ஏற்பாடு செய்யும் பஸ்ஸில் ஏறி, நம்பர் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்திருக்கும் வழிகாட்டியின் பின்னால் போகிறவர்கள் ஒரு வகை. "நாமே பார்த்துக்கலாம்" என்று ஒரு முதுகுப் பையை மாட்டிக்கொண்டு இறங்கி நடக்கிறவர்கள் இன்னொரு வகை. (இறங்கவே இறங்காமல் நீச்சல் குளத்துப் பக்கம் படுத்துக் கிடக்கிற மூன்றாவது வகையும் உண்டு. அவர்களை நிம்மதியாக இருக்க விட்டுவிடுவோம்.)

இது இரண்டாவது வகையைச் சேர்ந்த ஒரு தம்பதியின் கதை. இங்கிலாந்தின் வடக்குப் பகுதிக்காரர்கள். அவருக்கு 71 வயது. ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாவுக்கு 68. பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்தவர். செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அவர்கள் கப்பல் கிரீஸ் நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தில் வந்து நின்றது. பிரேயஸ் என்றால் ஏதென்ஸின் துறைமுகம். கப்பலில் இருந்த முக்கால்வாசிப் பேர் அக்ரோபோலிஸ் பார்க்கக் கிளம்பினார்கள். இவர்கள் இரண்டு பேரும் பல வருஷம் முன்பே அதைப் பார்த்தாகிவிட்டது. அந்த அம்மாவுக்கு வேறு ஒரு ஆசை. முந்தைய தடவை வந்தபோது நேரமில்லாமல் விட்டுப்போன ஏஜினா தீவு.

கப்பல் புறப்படுவது மாலை ஐந்தரை. எல்லோரும் ஐந்து மணிக்குள் கப்பலுக்குள் இருந்தாக வேண்டும். இந்த ஐந்து மணிதான் கதையில் வில்லன்.

அது ஏன் என்று புரிய, முதலில் கொஞ்சம் கணக்கு.

பெரிய கப்பல் நிறுவனங்களின் ஆண்டறிக்கையை எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். மொத்த வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டிலிருந்து வருவதில்லை. மது, சூதாட்டம், இன்டர்நெட், மசாஜ், இவற்றோடு கரைச் சுற்றுலா என்று கப்பல் ஏறிய பிறகு நாம் செய்கிற செலவிலிருந்து வருகிறது. டிக்கெட் விலையைக் குறைத்து ஆளை ஏற்றிவிட்டு, உள்ளே வந்த பிறகு சம்பாதிப்பது. சினிமா தியேட்டர் பாப்கார்ன் கதைதான். கரைச் சுற்றுலாவில் பஸ்ஸும் வழிகாட்டியும் உள்ளூர் ஏஜென்சியுடையது. கப்பல் அதை வாங்கி, மேலே தன் பங்கை வைத்து விற்கிறது.

ஆனால் அந்த அதிகப்படி விலைக்கு ஒன்றுமே கிடைப்பதில்லை என்று சொல்ல முடியாது. ஒன்று கிடைக்கிறது. கப்பல் ஏற்பாடு செய்த பஸ் டிராபிக்கில் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும். அப்படி முடியாமல் போனாலும், அடுத்த ஊருக்குக் கொண்டு வந்து சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனியாகப் போனவர் தாமதமாக வந்தால்? கப்பல் போய்க்கொண்டே இருக்கும். அடுத்த துறைமுகம் வரை விமான டிக்கெட், ஹோட்டல் எல்லாம் அவர் பாடு.

ஆகவே அந்த விலையில் ஒரு பகுதி இன்சூரன்ஸ் பிரீமியம். அதைக் கட்டாதவர், ரிஸ்க்கைத் தானே எடுத்துக்கொள்கிறார். அவ்வளவுதான்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் மேற்குப் பக்கம் உள்ள சாவோ தோமே தீவில் எட்டுப் பயணிகள் தனியார் சுற்றுலா போய்த் தாமதமாகத் திரும்பினார்கள். கப்பல் இன்னும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றது. ஆனாலும் ஏற்றிக்கொள்ளவில்லை. நாடு நாடாகத் துரத்திக்கொண்டு போனார்கள். காம்பியாவில் பிடித்துவிடலாம் என்று போனால், கடல் நிலை சரியில்லை என்று கப்பல் அங்கே கரைக்கே வரவில்லை. கடைசியில் செனகல் நாட்டின் டக்காரில்தான் கப்பல் கிடைத்தது. உலகம் முழுக்கச் செய்தியானது.

நம்ம தம்பதி விஷயத்துக்கு வருவோம்.

பிரேயஸ் துறைமுகத்தில் வாசல்களுக்கு நம்பர் உண்டு. ஈ1, ஈ2 என்று ஈ12 வரை. சொகுசுக் கப்பல்கள் நிற்பது ஒரு கோடியில். ஏஜினா, ஹைட்ரா, போரோஸ் போன்ற சரோனிக் வளைகுடாத் தீவுகளுக்குப் படகு கிளம்புவது ஈ8. அக்தி மியாவுலி என்கிற கடற்கரைச் சாலை வழியாக நடந்தால், கப்பல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்து இருபது நிமிஷமும் ஆகலாம், நாற்பது நிமிஷமும் ஆகலாம். இவர்களுக்கு அரை மணி ஆனது. கணவர் வாட்ச்சைப் பார்த்து ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். திரும்பும்போதும் இதே அரை மணி. கணக்குப் பிரிவுக்காரர் இல்லையா!

ஈ8 வாசலில் டிக்கெட் கூண்டுகள் வரிசையாக இருக்கின்றன. பக்கத்திலேயே எள் தூவிய வளைய ரொட்டி விற்கிறார்கள். ஏஜினாவுக்கு இரண்டு விதமான படகு. ஒன்று, கார், லாரி எல்லாம் ஏற்றிக்கொண்டு போகிற பெரிய படகு. ஒண்ணேகால் மணி நேரம் ஆகும். இன்னொன்று, அடியில் இறக்கை போன்ற தகடுகள் வைத்து, வேகம் பிடித்ததும் தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடும் படகு. நாற்பதே நிமிஷம். கிரேக்கர்கள் அதைப் 'பறக்கும் டால்ஃபின்' என்பார்கள். சோவியத் ரஷ்யாவில் கட்டப்பட்ட படகுகள் கிரீஸுக்கு வந்து பெற்ற பெயர் அது.

போகும்போது பெரிய படகு, 8.50க்கு. அதில் இரண்டு பேருக்கும் சண்டையில்லை. திரும்புவதில்தான் சிக்கல்.

கணவரின் திட்டம்: மூன்றரை மணி டால்ஃபின். 4.10க்கு பிரேயஸ். அரை மணி நடை. 4.40க்குக் கப்பல். இருபது நிமிஷம் கையில் மிச்சம். தீவில் ஐந்தரை மணி நேரம் கிடைக்கும். கோயில் பார்த்துவிட்டுக் கடலில் ஒரு குளியலும் போடலாம்.

அந்த அம்மாவின் திட்டம்: இரண்டு மணி பெரிய படகு. 3.15க்கு பிரேயஸ். 3.45க்குக் கப்பல். ஒண்ணேகால் மணி நேரம் மிச்சம். ஆனால் தீவில் நாலு மணி நேரத்துக்கும் குறைவுதான். குளியல் கிடையாது.

"ஒன்றரை மணி நேரத்தைச் சும்மா தூக்கிப் போடச் சொல்கிறாயா?" என்றார் கணவர்.

அந்த அம்மா பதில் சொல்லாமல் கூண்டில் இருந்த பெண்ணிடம் கேட்டார். "டால்ஃபின் வராமல் போனால் அடுத்த படகு எது?" நாலு மணி பெரிய படகு என்று பதில் வந்தது. அது பிரேயஸ் வந்து சேர்வது ஐந்தேகால். அந்தப் பெண் கேட்காமலேயே இன்னொன்றும் சொன்னாள். மத்தியானத்துக்கு மேல் காற்று கூடும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். கிரீஸில் காற்று குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் துறைமுகக் காவல் அதிகாரிகள் படகுகள் கிளம்பக் கூடாது என்று தடை போட்டுவிடுவார்கள். எல்லாப் படகுக்கும் ஒரே அளவு இல்லை. பெரிய படகு தாங்குகிற காற்றைச் சின்ன வேகப் படகு தாங்காது. ஆகவே முதலில் நிற்பது டால்ஃபின்தான். கோடையில் வடக்கிலிருந்து மெல்தேமி என்று ஒரு காற்று வீசும். வானம் நீலமாக, வெயில் பளிச்சென்று இருக்கும். மழை மேகம் ஒன்றும் இருக்காது. ஆனால் கடல் கொந்தளிக்கும். வானத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

இரண்டு மணி படகுக்கே டிக்கெட் வாங்கினார்கள். கணவருக்கு முகம் கொஞ்சம் தொங்கிப் போனது.

படகு கிளம்பியது. மேல் தளத்தில் உட்கார்ந்து, குளிர்ந்த காபியும் ரொட்டியுமாக ஒரு மணி நேரம். பாதி வழியில் அந்த அம்மா மாத்திரைப் பையைத் திறந்தார். கணவருக்குச் சர்க்கரை நோய். சாப்பாட்டுக்கு முன் போடுகிற இன்சுலின் பேனா பையில் இருந்தது. ராத்திரி போடுகிறது இல்லை. கப்பல் அறையின் குட்டி ஃப்ரிட்ஜிலேயே இருந்தது. பாஸ்போர்ட்டும் அறையின் பெட்டகத்தில்தான். கையில் இருந்தது அதன் நகல் மட்டும். கப்பலின் அடுத்த நிறுத்தம் துருக்கியின் குஷாதாசி. வேறு நாடு.

கணவரும் பையை எட்டிப் பார்த்தார். இரண்டு மணி படகைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏஜினாவை நெருங்கும்போது முதலில் கண்ணில் படுவது ஒரு ஒற்றைத் தூண். அப்போலோ கோயிலில் மிஞ்சியது அது ஒன்றுதான். அந்த மேட்டுக்கே 'கொலோனா' என்று பெயர், அதாவது தூண். துறைமுக வாயில் வெள்ளை வெளேரென்று ஒரு சின்ன தேவாலயம், மாலுமிகளின் காவலரான புனித நிக்கோலஸுக்கு. கரையோரம் பிஸ்தா விற்கும் கடைகள். கரையில் கட்டிய படகிலேயே தக்காளி, கத்தரிக்காய் அடுக்கி வைத்து விற்கிறார்கள்.

87 சதுர கிலோமீட்டர் அளவுள்ள தீவு. மக்கள் தொகை சுமார் 13,000. ஆனால் காமர்ஸ் படிக்கிறவர்கள் இந்தத் தீவுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். கிரேக்க மண்ணில் முதன்முதலில் நாணயம் அடித்த இடங்களில் ஒன்று ஏஜினா. கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டு. வெள்ளி நாணயம், ஒரு பக்கம் கடலாமை. எடை சுமார் 12 கிராம். இதில் வேடிக்கை, தீவில் வெள்ளிச் சுரங்கமே கிடையாது! நல்ல விளைநிலமும் அதிகம் இல்லை. இருந்தது கப்பல். வாங்கி விற்றே பணக்காரர்கள் ஆனவர்கள். யாரிடம் சரக்கு வாங்கினாலும் அந்த ஆமையைப் பார்த்ததும் எடை போடாமல் வாங்கிக்கொள்வார்கள் என்கிற நம்பிக்கைதான் மூலதனம். அவர்களுடைய எடை அளவையே பெலோபொனீஸ் பக்கத்து ஊர்களும் பின்பற்றின.

எதிர்க்கரை ஏதென்ஸுக்கு இது பொறுக்குமா? ஏஜினாவைப் பிரேயஸின் கண்ணில் உள்ள பீளை என்று பெரிக்ளிஸ் சொன்னதாக ஒரு குறிப்பு உண்டு. சொன்னதோடு நிற்கவில்லை. கி.மு. 457 வாக்கில் ஏதென்ஸ் தீவைப் பணிய வைத்தது. கி.மு. 431ல் தீவுக்காரர்களையே வெளியே துரத்தியது. ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில் நாணயத்தில் கடலாமை போய்த் தரையாமை வந்தது. கடல் ஆதிக்கம் போனதன் அடையாளம் அது என்று சிலர் சொல்கிறார்கள்.

இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம் கழித்து, துருக்கியரிடமிருந்து விடுபட்ட புது கிரீஸுக்குக் கொஞ்ச காலம் தலைநகராக இருந்ததும் இதே ஏஜினாதான். கபோதிஸ்த்ரியாஸ் 1828ல் இங்கே ஆட்சியைத் தொடங்கினார். புது நாட்டின் முதல் நாணயமான ஃபீனிக்ஸ் இங்கேதான் அடிக்கப்பட்டது. பழைய கிரீஸின் முதல் காசுகளில் ஒன்றும் இங்கே, புது கிரீஸின் முதல் காசும் இங்கே. 1832ல் ஃபீனிக்ஸ் போய் டிராக்மா வந்துவிட்டது. அது வேறு கதை.

துறைமுகத்திலிருந்து பத்தரை மணி பஸ். தீவின் மறுபக்கம் இருக்கிற அகியா மரீனா கடற்கரைக்குப் போகிற பஸ் அது. வழியில் அஃபாயா கோயிலில் நிற்கும். பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு இளம் ஜோடி. தோளில் கோடு போட்ட துண்டு, இவர்கள் கப்பலின் துண்டு. பார்த்ததும் பேச்சு ஆரம்பித்தது. அவர்கள் நேராகக் கடற்கரைக்கு. திரும்புவதற்கு மூன்றரை மணி டால்ஃபின், போனிலேயே டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

"மத்தியானம் காற்று வருமாம். டால்ஃபின் நின்றாலும் நிற்கும். நாங்கள் இரண்டு மணி படகில் போகிறோம்" என்றார் அந்த அம்மா.

அந்தப் பையன் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தான். ஒரு பொட்டு மேகம் இல்லை. "பார்த்துக்கொள்கிறோம், நன்றி" என்று சிரித்தான். நல்ல பிள்ளைகள்தான். கணவர் மனைவியின் கையை லேசாகத் தட்டினார். போதும், விடு என்று அர்த்தம்.

அஃபாயா கோயில் பைன் மரங்கள் நிறைந்த ஒரு குன்றின் மேல் இருக்கிறது. கி.மு. 500 வாக்கில் கட்டியது. ஏதென்ஸின் பார்த்தினானை விட வயதில் மூத்தது. மொத்தம் 32 தூண்களில் 25 இன்றைக்கு நிற்கின்றன, விழுந்ததை எடுத்து நிறுத்தியதும் சேர்த்து. பார்த்தினானில் இருக்கிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இங்கே இல்லை. சுற்றி நடந்துவிட்டு, நிழலில் ஒரு கல்லில் உட்கார்ந்து கோயிலைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்த அம்மா அதைத்தான் செய்தார்.

கோயிலின் முகப்பு முக்கோணங்களில் இருந்த சிலைகள் இங்கே இல்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருக்கின்றன. அது எப்படி அங்கே போனது என்பது நம்ம விஷயத்துக்குப் பொருத்தமான கதை. 1811ல் காக்கரெல் என்ற ஆங்கிலேயரும் ஹாலர் என்ற ஜெர்மானியரும் நண்பர்களோடு வந்து தோண்டி எடுத்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்குக் கொடுத்தது சுமார் 40 பவுன். அடுத்த வருஷம் சாந்தே தீவில் ஏலம். பிரிட்டனுக்கு இந்தச் சிலைகள் மேல் கண். ஆனால் சிலைகளைப் பத்திரமாக மால்ட்டாவில் வைத்திருந்ததால், பிரிட்டன் தரப்பு ஆள் ஏலமும் அங்கேதான் என்று மால்ட்டாவுக்குப் போய்விட்டார். சாந்தேயில் ஏலம் முடிந்து, பவேரிய இளவரசர் லுட்விக்கின் ஆள் வாங்கிவிட்டார். ஒரு அரசாங்கமே படகு மாறி ஏறிய கதை!

குன்றிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் கடல். காற்று தூசியைத் துடைத்துவிட்டிருந்ததால் வடக்கே எதிர்க்கரை தெளிவாகத் தெரிந்தது. பிரேயஸ் இருக்கிற திசையில் ஒரு வெள்ளைக் கீற்று. "நம்ம கப்பலோ?" என்றார் கணவர். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அதைப் பார்த்த பிறகு இரண்டு பேருக்கும் வாட்ச்சைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. பைன் மரங்கள் சத்தம் போட ஆரம்பித்திருந்தன. கடலில் அங்கங்கே வெள்ளை நுரை.

திரும்புகிற பஸ் பன்னிரண்டேகாலுக்கு வர வேண்டும். வரவில்லை. பன்னிரண்டரை. வரவில்லை. நிறுத்தத்தில் இவர்களோடு இன்னும் நாலு பேர். டாக்சி ஒன்றும் கண்ணில் படவில்லை. பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல், நடக்க முடியாது. பன்னிரண்டே முக்காலுக்குக் கணவர் நோட்டை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். எத்தனை மணிக்குள் பஸ் வந்தால் இரண்டு மணி படகு கிடைக்கும்? ஒன்று இருபத்தைந்து. அதற்கு மேல் போனால்? அவர் எழுதவில்லை.

பஸ் 12.50க்கு வந்தது. டிரைவர் கடற்கரையில் கூட்டம் என்று கையை விரித்தார்.

1.20க்குத் துறைமுகம். மீன் மார்க்கெட் சந்தில் சுட்ட ஆக்டோபஸும் ரொட்டியும் சாப்பிடுவதாகத் திட்டம். ஊசி போட்டுக்கொண்டு, இருபது நிமிஷத்தில் அவசர அவசரமாகச் சாப்பிட்டார்கள். பிறகு அரைக் கிலோ பிஸ்தா. ஏஜினாவின் பிஸ்தாவுக்கு 1996ல் ஐரோப்பிய யூனியனின் பூர்விகப் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. நம்மூரில் புவிசார் குறியீடு என்கிறோமே, அதே ஜாதி. வேறு எங்கே விளைந்ததையும் அந்தப் பெயரில் விற்கக் கூடாது. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் ஆரம்பத்திலும்தான் அறுவடை. கிரேக்க மொழியில் நிலக்கடலைக்கும் பிஸ்தாவுக்கும் ஒரே சொல்தான். பிஸ்தா வேண்டுமென்றால் 'ஏஜினா' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த அளவுக்குத் தீவின் பெயரே சரக்கின் பெயராகிவிட்டது.

பிஸ்தாவுக்குக் காசு கொடுக்கும்போது பக்கத்து டிக்கெட் கூண்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். மூன்றரை மணி டால்ஃபின் ரத்து.

அந்த அம்மா கரையோரம் முழுக்கப் பார்வையை ஓட்டினார். கோடு போட்ட துண்டு எங்கும் இல்லை. அந்தப் பிள்ளைகளின் போன் நம்பர் தெரியாது. கப்பலில் எந்த அறை என்றும் தெரியாது. கூண்டில் போய்ச் சொன்னார்: "கடற்கரையில் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாது." ரத்தான செய்தி போனுக்குப் போயிருக்கும் என்றார்கள். கடலுக்குள் நிற்கிறவர்கள் போனை எங்கே பார்ப்பார்கள்? ஆனால் அதற்கு மேல் கூண்டில் இருப்பவர் என்ன செய்ய முடியும்?

இரண்டு மணிக்குப் படகின் பின்பக்கக் கதவு ஏறியது. திரும்பும்போது மேல் தளத்தில் உட்கார முடியவில்லை, அலை தெறித்தது. 3.25க்குப் பிரேயஸ். நாலு மணிக்குக் கப்பல். கப்பல் ஏணிக்கருகில் குளிர்ந்த துண்டும் எலுமிச்சைத் தண்ணீரும் கொடுத்தார்கள். அறைக்குப் போனதும் கணவர் முதலில் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார். இன்சுலின் இருந்த இடத்தில் இருந்தது.

ஐந்து மணி தாண்டியதும் ஒலிபெருக்கியில் இரண்டு பெயர்கள். உடனே வரவேற்பு மேஜையைத் தொடர்புகொள்ளச் சொல்லி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. பிறகு மூன்றாவது தடவை. அந்த அம்மாவுக்குப் பெயர் தெரியாது. ஆனால் யார் என்று தெரியும்.

மேல் தளத்தில் கூட்டம் சேர்ந்திருந்தது. தாமதமாக ஓடி வருகிறவர்களை வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் எப்போதும் இருக்கும், கேமராவோடு. ஐந்தேகாலுக்கு ஏணியை உள்ளே இழுத்தார்கள். கயிறுகளை அவிழ்த்தார்கள். கரையில் ஒரு ஆள் பழுப்புக் கவரோடு நின்றார். அவர் கப்பலின் உள்ளூர் ஏஜென்ட். யாராவது வரவில்லை என்றால், கப்பல்காரர்கள் அறையின் பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அந்தக் கவருக்குள் இருந்தது அதுதான்.

கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் தெரிய ஆரம்பித்தபோது டாக்சி வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கி ஓடி வந்தார்கள். தோளில் துண்டு. மேலே சிலர் கை தட்டினார்கள், சிலர் விசில் அடித்தார்கள். அந்தப் பெண் ஓடுவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள். பையன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். ஏஜென்ட் அவர்களை நோக்கி மெதுவாக நடந்து போனார்.

அவர்களுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. ஏதென்ஸில் ஒரு ராத்திரி ஹோட்டல், விமானம் பிடித்து இஸ்மிர், அங்கிருந்து குஷாதாசி. பணமும் ஒரு நாளும் போகும். ஆனால் மருந்து அறையில் இருந்திருந்தால்? குழந்தையோடு வந்திருந்தால்?

கணவர் நோட்டைத் திறந்து அன்றைய செலவைக் கூட்டினார். இரண்டு பேருக்கும் படகு, பஸ், கோயில் நுழைவு, சாப்பாடு, பிஸ்தா எல்லாம் சேர்த்து நூறு யூரோவுக்குள். கப்பல்காரர்களின் ஒரு நாள் சுற்றுலாவுக்கு ஒரு ஆளுக்கே அதை விட அதிகம். லாபம்தான். ஆனால் அந்த லாபத்தின் எதிர்ப்பக்கம் என்ன என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தாயிற்று. "மூன்றரை டால்ஃபின் என்று சொன்னேன் இல்லையா, அது நான் போட்ட தப்புக் கணக்கு" என்றார். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அவர் அப்படி ஒத்துக்கொண்டது அபூர்வம்.

தனியாகக் கிளம்ப நினைக்கிறவர்களுக்கு இந்த ஒரு நாளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை:

1. நீங்கள் பிடிக்கப்போகிற படகு முக்கியமில்லை. அது ரத்தானால் அடுத்த படகு எது, அதில் வந்தாலும் கப்பல் கிடைக்குமா என்பதுதான் முக்கியம். கிடைக்காது என்றால் ஒரு படகு முன்னதாகக் கிளம்புங்கள்.

2. காற்று இருக்கிற நாளில் வேகப் படகை நம்பாதீர்கள். பெரிய படகு மெதுவாகப் போனாலும் போய்ச் சேரும்.

3. ஒரு நாளைக்கு அல்ல, இரண்டு நாளைக்கு மருந்து பையில் இருக்கட்டும். பாஸ்போர்ட் நகல், ஒரு பேங்க் கார்டு, ஏஜென்டின் போன் நம்பர் கட்டாயம். அந்த நம்பர் கப்பலில் தினமும் கொடுக்கிற தாளில் இருக்கும்.

4. கப்பல் நேரமும் ஊர் நேரமும் ஒன்றுதானா என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சில பயணங்களில் ஒரு மணி நேரம் வித்தியாசம் இருக்கும்.

5. கிரீஸில் மே முதல் தேதி மாதிரி நாட்களில் மாலுமிகள் வேலை நிறுத்தம் செய்வது உண்டு. அன்றைக்கு எந்தப் படகும் நகராது.

6. ஓட்டம் ஓட்டமாக மூன்று இடம் பார்ப்பதை விட ஒரே இடம் போதும். அஃபாயா கோயில் நிழலில் உட்கார்ந்த ஒரு மணி நேரம்தான் அந்த அம்மாவுக்கு மொத்த நாளும்.

இவ்வளவு பயந்துகொண்டு தனியாகப் போவானேன் என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். 2025 ஜூலையிலிருந்து கிரீஸ் சொகுசுக் கப்பல் பயணிகளுக்கு ஒரு கட்டணம் போட்டிருக்கிறது. கோடைக் காலத்தில் சாந்தோரினி, மைகோனோஸ் தீவுகளில் ஒரு ஆளுக்கு 20 யூரோ, மற்ற துறைமுகங்களில் 5 யூரோ. காரணம், ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வந்து இறங்கி, ஒரே இடத்தைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்பிவிடுகிறார்கள். ஊருக்கு மிஞ்சுவது நெரிசல்தான். இந்தத் தம்பதியின் நூறு யூரோ சின்னப் பணம். ஆனால் அது படகுக்காரர், பஸ்காரர், மீன் கடைக்காரர், பிஸ்தா விளைவித்தவர் என்று நேராக அவரவர் கைக்குப் போனது. நடுவில் யாரும் இல்லை.

கப்பல் பிரேயஸை விட்டுத் தெற்கே திரும்பியது. ஒரு மணி நேரத்தில் வலது பக்கம் ஏஜினா வந்தது. காலையில் அவ்வளவு கணக்குப் போட்டுப் போன தீவைக் கப்பல் சாவகாசமாகக் கடந்து போனது. பைன் மரக் குன்று நிழலாகத் தெரிந்தது, கோயில் தெரியவில்லை. கணவர் பால்கனியில் உட்கார்ந்து பிஸ்தாவை உரித்து ஓட்டை ஒரு தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் பஸ்ஸில் ஒரு தடவைதான் சொன்னேன்" என்றார் அந்த அம்மா.

"நான்தான் கையைத் தட்டினேன்" என்றார் கணவர்.

உரித்த பிஸ்தாவை அவர் பக்கம் தள்ளி வைத்தார். அந்த அம்மா ஒன்றை எடுத்துக்கொண்டு, தீவு மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார்.